ஏலமலையில் தன்னார்வலரைத் தேடுவோர்: குறை மனத்திலா, வேலையின் வடிவத்திலா?

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாகிவிட்டது, திருவிழா மைக்கிலும் சொல்லியாகிவிட்டது; பத்துப் பேர்கூட வரவில்லை. நூலகம், நோயாளிப் பராமரிப்பு, மாலைநேர வகுப்பு, பேரிடர் மீட்பு என எதை நடத்துபவரும் என்றாவது ஒருநாள் இப்படிப் புலம்பியிருப்பார். அதற்கு அவர் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றே: காலம் கெட்டுவிட்டது, இளைஞர்கள் கைபேசிக்குள் முடங்கிவிட்டார்கள், பொதுக்காரியத்தில் யாருக்கும் அக்கறையில்லை. இந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு. பழி முழுவதும் வராதவர்கள் தலையில் விழுவதால் அழைத்தவர் தம் அழைப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தொண்டு பற்றிக் கடந்த அரை நூற்றாண்டில் சேர்ந்துள்ள ஆய்வுகளும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நடந்த பெரிய இயக்கங்களின் அனுபவமும் வேறொன்றைச் சொல்கின்றன. ஓர் ஊரில் எத்தனை பேர் தொண்டுக்கு வருவார்கள் என்பது அவ்வூராரின் நல்ல மனத்தைவிட மூன்று கேள்விகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது. யார் போய்க் கேட்கிறார்கள்? எந்த வேலையைக் கேட்கிறார்கள்? அந்த வேலைக்கான நேரமும் செலவும் யார் தலையில் விழுகின்றன? மூன்றையும் தீர்மானிப்பது அமைப்புதான். ஆகவே ஆள் கிடைக்காத அமைப்பு முதலில் தான் கேட்கும் வேலையின் வடிவத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறை ஏற்ற இடம். போடிமெட்டுக்கு மேற்கே ஏலத்தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஊராட்சி அது. தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் தலைமுறைகளாக இங்கேயே வாழும் தமிழர்கள். இன்னொரு பகுதியினர் தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கும் பெண்கள். அண்மைக் காலமாக மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை காய் எடுப்புக் காலம். அப்போது ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. பூப்பாறையை ஒட்டி 2003-இல் அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. அந்தப் பக்கமும் சின்னக்கானல் பக்கமும் யானைகள் நடமாடுகின்றன. மழைக்காலத்தில் மண்சரிவு. 2022 அக்டோபரில் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது மலை தாங்காத கூட்டம். இப்படிப்பட்ட ஊரில் தொண்டர்களுக்கான தேவைக்குப் பஞ்சமில்லை. படுத்த படுக்கையான முதியவரைப் போய்ப் பார்க்க, யானை வரவை முன்கூட்டிச் சொல்ல, சரிவு நேர்ந்தால் ஓடிவர, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இங்கே அரிதாக இருப்பது நேரம்.

அந்த அருமையை எண்களிலும் காணலாம். இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் கூலியில்லாத் தொண்டு, பயிற்சி போன்ற வகைப்பாட்டில் நேரம் செலவிட்டவர்கள் 2.4 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்கள் சராசரியாகச் செலவிட்டது 101 நிமிடம். இதை மட்டும் பார்த்தால் இந்தியர்கள் தொண்டு மனமில்லாதவர்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். அதே கணக்கெடுப்பின் இன்னொரு வரி அந்த அவசரத்தைத் தடுக்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலையில் பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஈடுபட்டார்கள். அவர்கள் அதில் கழித்தது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் அவ்வேலையைத் தொட்டவர்கள் 26.1 விழுக்காட்டினர், அவர்களும் 97 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏலத்தோட்டத்தில் பகல் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு வீட்டிலும் ஐந்து மணி நேரம் வேலை பார்க்கும் பெண்ணிடம், மாதத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடு என்று கேட்பது எந்த அளவு நியாயம்? அவள் வராதது அக்கறையின்மைக்குச் சான்றாகாது. இழவு வீட்டில் முதலில் நிற்பவளும், பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிரசவம் என்றால் ஓடுகிறவளும், கோயில் கொடைக்குத் தண்ணீர் சுமப்பவளும் பெரும்பாலும் அவள்தான். அவை எந்தப் பதிவேட்டிலும் தொண்டாக ஏறுவதில்லை.

தூண்டுதலும் அழைப்பும்

மனிதர்கள் ஏன் தொண்டு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர்கள் கிளேரி, ஸ்னைடர் ஆகியோரும் அவர்கள் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. ஒரே தொண்டு ஆறு விதமான தேவைகளை நிறைவு செய்யக்கூடும் என்றார்கள் அவர்கள். தான் நம்பும் மதிப்பை வெளிப்படுத்துவது, புதியதைக் கற்பது, தன்மதிப்பை வளர்ப்பது, பிழைப்புக்கு உதவும் அனுபவம் பெறுவது, நண்பர்களோடும் உறவுகளோடும் சேர்ந்திருப்பது, தன் மனச்சுமையிலிருந்து விடுபடுவது என்பவை அந்த ஆறு. ஒருவருக்கு எந்தத் தேவை முதன்மையோ அதற்குப் பொருந்தும்படி அழைத்தால் அந்த அழைப்பு அவரைத் தொடுகிறது. வேலையும் அதற்குப் பொருந்தினால் அவர் நீடிக்கிறார். நம் அழைப்புகளோ அனைவரிடமும் தியாகத்தை மட்டுமே பேசுகின்றன. பிளஸ் டூ முடித்துவிட்டுச் சாந்தன்பாறையில் வேலை தேடும் பெண்ணுக்கு ஒரு சான்றிதழும் முதலுதவிப் பயிற்சியும் பெரிய விஷயம். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தன்னை இன்னும் நாலு பேர் தேடுகிறார்கள் என்பது பெரிய விஷயம். துணையை நோய்க்குப் பறிகொடுத்தவருக்கு இன்னொரு நோயாளியின் பக்கத்தில் உட்காருவதே ஆறுதல். இவற்றைத் தன்னலம் என்று ஒதுக்கும் அமைப்பு, தொண்டர்களில் ஐந்து வகையினரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆனால் தூண்டுதலை அறிந்தால் மட்டும் போதாது. பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1997-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரை ஒரு சிறிய உண்மையை உறுதிப்படுத்தியது: தொண்டுக்கு வருகிறவர்களைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் வலுவான காரணி, யாரேனும் தம்மை நேரில் கேட்டார்கள் என்பதே. தொண்டு ஒருவகை மனசாட்சிக் கடன் என்பது அவர் வாதம். கேட்டால் மறுக்க மனம் வராது. கேட்காவிட்டால் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றிருப்பார்கள். பொது அறிவிப்பு ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. எல்லோரையும் அழைக்கும் நோட்டீஸ் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தோட்டப் பகுதியில் பெயர் சொல்லி அழைப்பது யார் என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனஸ் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்து 20 விழுக்காடு போனஸ் பெற்றார்கள். அது கூலிப் போராட்டம், தொண்டு இல்லை என்பது சரி. ஆயினும் ஓய்வே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் பெண்கள் கூலியை இழந்து நாள்கணக்கில் நேரம் கொடுத்ததற்கு, காரியம் அவர்களுடையதாக இருந்ததும், பக்கத்து லயத்துக்காரி வந்து கூப்பிட்டதும் முக்கியக் காரணங்கள். ஊராட்சி அலுவலகத்தின் மலையாள அறிவிப்பு செய்ய முடியாததைக் கொழுந்து எடுக்கையில் பக்கத்து நிரையில் நிற்பவள் செய்ய முடிந்தது.

மலப்புறம் கற்றுத்தந்ததும் மலை மறுப்பதும்

தொண்டர் சேர்ப்பில் கேரளம் உலகுக்குக் காட்டிய மிகச் சிறந்த முன்மாதிரி பாலியேட்டிவ் இயக்கம். தீராத நோயால் வலியோடு கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு தரும் இந்தப் பணி, 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோர் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களை மட்டுமே எட்ட முடிகிறது என்று கண்டபின், மலப்புறத்தை மையமாகக் கொண்டு அக்கம்பக்கத்தார் வலையமைப்பு உருவானது. அதன் வடிவம் கவனிக்கத்தக்கது. வாரத்துக்கு 2 மணி நேரமாவது கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் பெயர் தந்தார்கள். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், மேற்பார்வையில் 4 நாள் நேரடிப் பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சி முடித்த 10 முதல் 15 பேர் ஒரு குழுவாகித் தம் பகுதியிலேயே நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். வலிக்கு மருந்து கொடுப்பது மருத்துவரும் செவிலியரும் பார்க்கும் வேலை. பேச்சுத்துணை, வீட்டுக்கு அரிசி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வண்டி ஏற்பாடு ஆகியவை தொண்டர்களின் வேலை. சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை வெளியிட்டு ஊராட்சிகளுக்கு இதில் பொறுப்பளித்தது. இங்கே கேட்கப்பட்டது ஓர் எல்லைக்குட்பட்ட வேலை. எவ்வளவு நேரம், எந்த இடம், யாரோடு சேர்ந்து, எதைச் செய்ய வேண்டாம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தன. 16 மணி நேரப் பயிற்சியைச் சுமை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஆர்வமும் உறுதியும் உள்ளவர்களைப் பிரித்தெடுத்ததும், வந்தவர்களுக்குத் தாம் பயனுள்ளவர்கள் என்ற நம்பிக்கையைத் தந்ததும் அதே பயிற்சிதான்.

இதை அப்படியே சாந்தன்பாறைக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் மலப்புறத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,150 பேருக்கு மேல் வசித்தார்கள். இடுக்கியில் ஏறத்தாழ 255 பேர். மலப்புறத்தில் 2 மணி நேரத்தில் மூன்று வீடுகளுக்கு நடந்தே போய்வரலாம். ஏலமலையில் ஒரு வீட்டுக்குப் போய்வர ஜீப் வேண்டும், அந்தப் பாதையில் யானை நிற்கவும் கூடும். மலப்புறத்தில் வளைகுடாப் பணமும் கொடையை மார்க்கக் கடமையாகக் கொண்ட சமூகமும் பின்துணையாக இருந்தன. இடுக்கியின் மக்கள்தொகையோ 2001-க்கும் 2011-க்கும் இடையில் 1.8 விழுக்காடு குறைந்தது; படித்த இளைஞர்கள் மலையிறங்கிப் போய்விடுகிறார்கள், முதியவர்கள் தங்கிவிடுகிறார்கள். இந்த வேறுபாடுகளைக் காட்டி மலப்புற முன்மாதிரி மலைக்கு ஆகாது என்று தள்ளுபவர்கள், அதன் வெளித்தோற்றத்தையும் அதன் தர்க்கத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2 மணி நேரம், 10 பேர் குழு என்பவை மலப்புறத்துக்குப் பொருந்திய அளவுகள். கேட்கும் வேலையை அந்த ஊர் மனிதரின் ஒரு வாரத்துக்குள் அடங்கும்படி வெட்டித் தைத்துக் கொடு என்பதே அதன் தர்க்கம். அந்தத் தர்க்கத்தை ஏலமலைக்குப் பொருத்தினால் அளவுகள் மாறும். வார்டுக்குப் பதில் எஸ்டேட்டும் லயமும் அலகாகும். காய் எடுப்புக் காலத்தில் வேலை குறைந்து, வேனிலில் கூடும். பயிற்சியும் வேனிலுக்கே போகும். வகுப்பு தமிழிலும் நடக்கும். ஜீப் வாடகை அமைப்பின் கணக்கில் ஏறும்.

எல்லை இன்னும் சுருங்கினாலும் தொண்டு பயன்படும் என்பதற்கு வால்பாறை எடுத்துக்காட்டு. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தி, தமிழ்க் குரலழைப்பு, கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்கு ஆகியவற்றால் முன்கூட்டி அறிவிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2015-இல் அதற்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. விளக்குகளை இயக்கும் வேலையில் தோட்டப் பகுதி மக்களும் பங்கேற்றார்கள். இந்தத் தொண்டுக்குத் தேவை ஒரு கைபேசி அழைப்பும் ஒரு நிமிடக் கவனமும்தான். வேலையை விட்டுவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. சாந்தன்பாறையில் இத்தகைய வேலைக்கு மிகவும் தகுந்தவர்கள் ஊராட்சிப் பட்டியலில் இல்லாதவர்கள். தேனியிலிருந்து வரும் பெண்களுக்கு இங்கே வாக்கில்லை, குடும்ப அட்டையில்லை. ஆனால் பகல் முழுவதும் காட்டை ஒட்டிய தோட்டத்தில் நிற்பவர்கள் அவர்களே. ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இதே நிலை. தொண்டர் என்றால் உள்ளூர் வாக்காளர் என்று நினைக்கும் அமைப்பு, யானையை முதலில் பார்க்கப்போகும் கண்களை விட்டுவிட்டுப் பட்டியல் தயாரிக்கிறது.

பணம் தொண்டைக் கெடுக்குமா?

நேரத்துக்கும் செலவுக்கும் ஈடு செய்ய வேண்டும் என்றதும் ஒரு மறுப்பு எழும்: காசு நுழைந்தால் தொண்டு செத்துவிடும். இது வெறும் ஒழுக்கப் பேச்சு இல்லை; ஆய்வுப் பின்புலம் உள்ள மறுப்பு. ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் பிரிட்டனின் இலவச ரத்த தானத்தையும் அமெரிக்காவின் காசுக்கு ரத்தம் வாங்கும் முறையையும் ஒப்பிட்டு, விலை நுழையும் இடத்தில் கொடை சுருங்குகிறது என்றார். நீஸி, ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 2000-இல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். வீடுவீடாக நன்கொடை திரட்டிய மாணவர்களில் காசே பெறாதவர்கள் அதிகம் திரட்டினார்கள். திரட்டியதில் 1 விழுக்காடு பெற்றவர்கள் மிகக் குறைவாகத் திரட்டினார்கள். 10 விழுக்காடு பெற்றவர்களும் காசு பெறாதவர்களை எட்டவில்லை. அற்பக் கூலி, கூலியின்மையைவிட மோசம் என்பது அதன் பாடம். ஆனால் இந்த ஆய்வுகள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று உற்றுப் பார்க்க வேண்டும். அவை தொண்டுக்கு விலை நிர்ணயிப்பதைப் பற்றியவை. தொண்டு செய்பவர் கைக்காசை இழக்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியவை அல்ல.

இந்த வேறுபாட்டைக் கேரளத்து மீனவர்கள் 2018 வெள்ளத்தின்போது எல்லோருக்கும் புரியும்படி காட்டினார்கள். 669 படகுகளோடு வந்த 4,500-க்கும் மேற்பட்ட மீனவர்கள் 65,000 பேரை மீட்டதாக அரசு கணக்கு சொன்னது. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மறுத்த குரல்கள் மீனவர்களிடமிருந்தே எழுந்தன. உடைந்த படகைச் சீர்செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். கூலி வேறு, செலவு வேறு, மரியாதை வேறு என்ற தெளிவு அந்த மறுப்பில் இருந்தது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மொரீசியோ ரொமேரோவும் செய்த ஆய்வின்படி, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்தில் மாணவர்கள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தின் பயன். 1,000 ரூபாய் அவர்கள் உழைப்பின் விலை என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. வேலை தெருவிலேயே இருந்ததும், நேரம் மாலையில் அமைந்ததும், பெற்றோர் நன்றி சொல்ல வாசலுக்கு வந்ததும் சேர்ந்துதான் அவர்களை நீடிக்கவைத்தன. அதே சமயம், படித்தும் வேலையில்லாத பெண்கள் பெருந்தொகையாக இருந்ததால்தான் இத்தனை பேர் கிடைத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அங்கேதான் தொண்டின் உண்மையான அபாயம் இருக்கிறது. தொண்டர் என்ற பெயர் மலிவான உழைப்புக்குப் போர்வையாகிவிடக்கூடும். 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்கள் அரசின் கணக்கில் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்கள். நடைமுறையில் அவர்கள் வேலைக்கு நேர எல்லை கிடையாது. கணக்கெடுப்பு, தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்தல், பெருந்தொற்றுக் காலக் கண்காணிப்பு என எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் கேரள ஆஷா பணியாளர்கள் போராட்டத்தில் அமர்ந்தபோது அவர்கள் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய்; கேட்டது 21,000. அதே எல்லைப் பிரச்சினை சாந்தன்பாறையில் உயிர்ப் பிரச்சினையாகிறது. 2023 ஜனவரியில் பன்னியாறு எஸ்டேட் பகுதியில், யானைகளை விரட்டுவதில் கைதேர்ந்தவர் என்று பெயர்பெற்ற வனத்துறைக் காவலர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அனுபவசாலிக்கே இந்த நிலை என்றால், பயிற்சியோ காப்பீடோ இல்லாத இளைஞர்களைத் தொண்டின் பெயரால் யானை முன் நிறுத்துவது குற்றம். ஆகவே எது தொண்டு, எது வேலை என்று பிரிக்க மூன்று சோதனைகள் போதும். வர முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? அவர் வராவிட்டால் அரசோ அமைப்போ செய்தே ஆக வேண்டிய கடமை நின்றுபோகுமா? உயிருக்கு ஆபத்து உண்டா? முதல் கேள்விக்கு இல்லை என்றோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றோ பதில் வந்தால் அது சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. யானை வருகிறது என்று தகவல் சொல்வது தொண்டு. யானையை விரட்டுவது உத்தியோகம்.

சேர்வதும் நிற்பதும்

இன்னொரு மறுப்பு இதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும். இத்தனை திட்டமும் அளவும் எதற்கு? ஆபத்து என்றால் மக்கள் தாமாக வருவார்களே? 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 உயிர்கள் போனபோது, மின்சாரமும் தகவல் தொடர்பும் அறுந்துகிடந்த அந்த இடத்துக்கு யாரும் நோட்டீஸ் அடித்து ஆள் சேர்க்கவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் வந்தார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பேரிடரின்போது, யார் கேட்பது, எந்த வேலை, யார் செலவு என்று தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளும் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன என்பதுதான் அந்த உண்மை. கேட்பது கண்ணெதிரே நடக்கும் துயரம். வேலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கூலி போவதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவரின் துயரம் ஓசையில்லாதது, ஆண்டுக்கணக்கில் நீள்வது. அதற்கு அந்தத் தன்னியல்பான திரட்சி கிடைக்காது. திட்டம்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பேரிடருக்கே கூட முன்பயிற்சி இல்லாத கூட்டம் பாதி உதவி, பாதி இடைஞ்சல். 2020-இல் கேரள அரசு 100 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சமூக சன்னத்த சேனை என்ற தன்னார்வப் படையை அமைக்கத் தொடங்கியதும் இதனால்தான். எனினும் பெயர்ப் பதிவு படையாகிவிடாது. பதிந்தவரை அழைத்து, பயிற்றுவித்து, சிறு வேலையாவது கொடுத்துவராத பட்டியல் வெறும் தொலைபேசி எண்களின் தொகுப்பு.

சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது கடினம் என்பதை எழுத்தறிவு இயக்கங்கள் காட்டின. எர்ணாகுளத்தில் 1989-இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் சம்பளமின்றிக் கற்பித்தார்கள். 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி அது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் வழியில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், கல்லுடைக்கும் பெண்கள் வரை சென்றதோடு அவர்களைச் சைக்கிள் ஓட்டவும் வைத்தது. கலைப்பயணமும் பாட்டும் நாடகமும் ஊரையே எழுப்பின. ஆனால் அறிவிப்பு விழா முடிந்ததும் பல இடங்களில் தொண்டர்களுக்கு அடுத்து என்ன என்று சொல்ல யாரும் இல்லை, தொடர்கல்வி தளர்ந்தது. அவர்கள் சலித்து விலகினார்கள் என்பதைவிட, அவர்களுக்கு வேலையும் குரலும் இல்லாமல் போயின என்பதே பொருத்தம். மலப்புறத் தொண்டர்கள் நீடித்ததற்கும் இதுவே விடை. யாரை முதலில் பார்ப்பது, பணத்தை எங்கே திரட்டி எதற்குச் செலவிடுவது என்பதை உள்ளூர்க் குழுவே தீர்மானித்தது. ஏவலுக்கு மட்டும் அழைக்கப்படுபவர் விழா முடிந்ததும் போய்விடுவார். தீர்மானத்தில் பங்குள்ளவருக்கு மறுநாளும் வர ஒரு காரணம் இருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு; எல்லாவற்றிலும் கனமானது அதுதான். தொண்டர்களைத் திறமையாகத் திரட்டக் கற்றுக்கொண்டால், சாலையும் மருத்துவமனையும் தர வேண்டிய அரசு கைகழுவிவிடாதா? லயத்து முதியவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறாள் என்பதே அங்கே செவிலியர் வராததற்குச் சாக்காகிவிடாதா? அபாயம் உண்மையானது. ஆனால் கேரள பாலியேட்டிவ் வரலாறு எதிர்த்திசையிலும் நகர முடியும் என்று காட்டுகிறது. அங்கே தொண்டர்களின் பணிதான் தேவையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகே அரசுக் கொள்கை வந்தது, ஊராட்சிகளின் நிதியில் செவிலியர்கள் வந்தார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அறிந்த 10 பேர் உள்ள எஸ்டேட்டில் அரசால் அலட்சியமாக இருக்க முடிவது குறைவு. ஆகவே தொண்டர் குழு தன் பதிவேட்டை இரண்டு வேலைகளுக்கும் பயன்படுத்த வேண்டும்: தன்னால் முடிந்ததைச் செய்ய, முடியாததைப் பெயரோடும் தேதியோடும் ஊராட்சியிடம் கேட்க. இரண்டாவதை விட்டுவிடும் தொண்டு அரசின் சுமையைக் குறைக்குமே தவிர, மக்களின் சுமையைக் குறைக்காது.

சாந்தன்பாறையில் இனி ஓர் அமைப்பு ஆள் தேடுமானால், நோட்டீஸ் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதிப் பார்க்கட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தக் கிழமை, காய் எடுப்புக் காலத்தில் என்ன மாற்றம். எந்த எஸ்டேட்டில் யார் போய் யாரைப் பெயர் சொல்லிக் கேட்பது. ஜீப் வாடகையும் கைபேசிச் செலவும் எந்தக் கணக்கில். பயிற்சி எந்த மொழியில். ஆபத்தான பகுதி எதுவோ அதைச் சம்பளத்துக்கு யார் செய்வது. வந்தவர்கள் எந்த முடிவில் கையெழுத்திடுவார்கள். இவற்றுக்குப் பதில் எழுத முடியாத அமைப்புக்கு ஆள் வராதது வியப்பில்லை. வந்திருந்தாலும் நிலைத்திருக்க மாட்டார்கள். பதில் எழுதிய பிறகும் யாரும் வரவில்லை என்றால், ஊரில் அக்கறை இல்லை என்ற பழைய முடிவுக்கு அப்போது வரலாம். இத்தனை செய்தும் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்ட அமைப்புகள், இக்கட்டுரை அலசிய வரலாற்றில் எங்கும் தென்படவில்லை.